ஒரு சொட்டு ஆயில்

இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செல்வின் தன் வீட்டு ஷெட்டில் வைத்து ஒன்பது வருஷம் பழுதுபார்த்தார். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் வைத்தார். நம் ஊர் வெயிலில் இன்ஜின் சூடேறாமல் இருக்க ஒரு மின்விசிறியும் பொருத்தினார்.

ஒருநாள் எல்லா வேலையும் முடிந்தது. காரை மலைப்பாதையில் ஒரு சுற்று ஓட்டினார். காருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. திரும்பி வந்ததும் துணி போட்டு மூடினார். அதன்பின் இரண்டு மாதம் அவர் ஷெட்டுக்கு வந்ததெல்லாம் ஸ்கூட்டரை எடுக்க மட்டும்தான்.

"என்மேல் அவருக்கு என்ன கோபம்?" என்று கார் கேட்டது.

"கோபம் ஒன்றுமில்லை. உன்னில் இனிச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை, அவ்வளவுதான்," என்றது ஸ்கூட்டர்.

கார் நெடுநேரம் யோசித்தது. பிறகு இன்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு சொட்டு ஆயிலைத் தரையில் விட்டது.

காலையில் செல்வின் அந்தக் கறையைப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஜாக்கியை எடுத்துவந்தார். மதியத்துக்குள் நான்கு சக்கரங்களும் கழன்றன. சாயங்காலம் இன்ஜினும் வெளியே வந்துவிட்டது. செல்வின் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"நீ மறுபடி ரோட்டைப் பார்க்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ," என்றது ஸ்கூட்டர்.

"மெல்லப் பேசு," என்றது கார். "அவர் பாடுகிறார்."