இடது பின்சக்கரத்து நட்டு

முனீரா காரைச் சீறவிட்டுக்கொண்டு பந்தயப் பாதையில் ஏறிய பிறகுதான் ஜாசிமுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

இடது பின்சக்கரத்து நட்டை இறுக்கினோமா, இல்லையா?

வலதுபக்கம் நன்றாக நினைவிருக்கிறது. இறுக்கினான். வழக்கம்போல மஞ்சள் பெயின்ட் பேனாவால் நட்டின் மேல் ஒரு கோடும் இழுத்தான். இறுக்கிய நட்டுக்குக் கோடு உண்டு, கோடில்லாத நட்டை நம்பக்கூடாது. அவன் பட்டறையில் அதுதான் சட்டம்.

இடதுபக்கம்?

சக்கரத்தின் கோணத்தைப் பிடித்து நிறுத்தும் நட்டைத் தளர்த்தினான். காரின் இருபுறமும் கட்டிய நூலைப் பார்த்துப் பார்த்து, சக்கரத்தின் முன்விளிம்பை இம்மியளவு உள்ளே திருப்பினான். பின்சக்கரங்கள் அப்படி லேசாக உட்பக்கம் பார்த்து நின்றால்தான் வேகத்தில் காரின் பின்பாகம் அலையாது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பாங்கு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை. ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஜும்ஆவுக்கு ஓடினான். பட்டறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். திரும்பி வந்து, முனீரா பரிமாறிய மச்பூஸ் கறிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நூலை அவிழ்த்துச் சுருட்டினான். காரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே சகீர் பந்தயத் திடலுக்கு வந்துவிட்டார்கள்.

நடுவில் இறுக்கினானா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

முதல் சுற்று முடிந்து கார் எதிரே கடந்தது. என்ன வேகம்! அந்த நட்டு மட்டும் நழுவினால் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்புறம் காரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

"என்ன மச்சான், அக்கா பறக்குறா, நீங்க பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? தோத்துட்டா சோறு போட மாட்டாளா?"

நவ்வாஃப்தான். முனீராவின் தம்பி. மடக்கு நாற்காலியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஸ்டாப் வாட்ச்சை அமுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கால் மடங்காது. போன வருஷம் இதே பாதையில் அவன் கார் பின்பக்கமாகச் சுழன்று சுவரில் மோதியது. அதற்கும் சக்கரம் பார்த்துக் கொடுத்தவன் ஜாசிம்தான். அவசரக்குடுக்கை, வளைவில் கண்மண் தெரியாமல் மிதித்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜாசிமும் சொன்னான். கடைசியில் நவ்வாஃபே அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜாசிம் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொடி காட்டும் அதிகாரி கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் கறுப்புக் கொடி காட்டி முனீராவைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார். ஆனால் காரணம் கேட்பார். சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால், அவனை நம்பிக் காரைக் கொடுக்கிறவர்கள் முன்னால், இந்த நவ்வாஃப் முன்னால்.

இரண்டு எட்டு வைத்தான். நின்றுவிட்டான்.

இறுக்கியிருப்போம். கை தானாக இறுக்கியிருக்கும். இத்தனை வருஷத் தொழிலில் அதுகூடவா மறந்துபோகும்?

கார் மறுபடியும் கடந்தது. முன்னைவிட வேகம். பாவி, பிரேக்கைத் தொடவே மாட்டாளா!

வீட்டில் ராஷித் இருக்கிறான். உம்மா எப்போது வருவாள் என்று இந்நேரம் வாசலுக்கும் ஜன்னலுக்கும் ஓடிக்கொண்டிருப்பான். அவனிடம் போய் என்ன சொல்வது?

ஜாசிம் ஓடினான்.

"காரணம் என்ன?" என்றார் அதிகாரி, நிதானமாக.

"பின்சக்கரத்து நட்டை இறுக்கினேனா இல்லையான்னு எனக்கே தெரியலைங்க! முதல்ல கூப்பிடுங்க அவளை!"

தொண்டை கிழியக் கத்திவிட்டான் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நவ்வாஃப் ஸ்டாப் வாட்ச்சை மடியில் வைத்தான்.

மூன்றாவது சுற்றின் முடிவில் கறுப்புக் கொடி பார்த்து முனீரா உள்ளே வந்தாள். கார் நின்றதோ இல்லையோ, ஜாசிம் ஸ்பேனரும் டார்ச்சுமாக அடியில் புகுந்துவிட்டான்.

இடது நட்டில் கோடு இல்லை.

ஸ்பேனரைப் பொருத்தி இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தான். துளிகூட அசையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" கீழே படுத்தபடியே சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முனீரா, இறுக்கித்தான் இருக்கு! கோடு போடத்தான் மறந்துட்டேன்!"

முனீரா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவனருகே குந்தினாள்.

"நீங்க இறுக்கல, ராஷித் வாப்பா. நீங்க பள்ளிவாசலுக்குப் போயிருந்தப்ப நான்தான் இறுக்கினேன். கோடு வேணும்னேதான் போடல."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதில் என்ன விளையாட்டு?

காருக்கும் தரைக்கும் நடுவே தெரிந்த இடைவெளியில் ஒரு கைத்தடி வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே, இழுத்து இழுத்து வைக்கும் ஒரு கால். என்ன மச்சான் ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தான் நவ்வாஃப்.

முனீரா ஒருமுறை திரும்பித் தம்பியைப் பார்த்தாள். பிறகு நன்றாகக் குனிந்து, கணவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அவன் மோதின அன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான். அன்னைக்கும் இதே முழியோடதான் இங்க நின்னீங்க. என்னை மூணாவது சுத்துல கூப்பிட்டுட்டீங்க. அவனை ஏங்க கூப்பிடல?"