கூண்டுக்கு ஒரு மத்தியஸ்தர்

“மறுபடியும் ஒருத்தன் முதுகைக் கிழிச்சிட்டானுங்க, நாகையா. ஒண்ணாத் துன்னுறானுங்க, ஒண்ணாத் தூங்குறானுங்க. அப்புறம் எதுக்கு இப்படி அடிச்சிக்கினு சாவுறானுங்க?”

ஆதிநாராயணன் கம்பிக் கூண்டை ஓங்கித் தட்டினான். உள்ளே வெள்ளைச் சுண்டெலிகள் சிதறி ஓடின. எல்லாம் ஆண்கள்.

திருப்பதியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடம் அது. பேராசிரியர் வேதாச்சலம் கறாராகச் சொல்லியிருந்தார்: “திங்கட்கிழமை ஒரு கூண்டாவது காயமில்லாத எலி வேணும். இல்லாட்டி சோதனை மதராசுக்குப் போயிடும். நீயும் வேலையை விட்டுட்டு உன் ஊரு புத்தூருக்குப் போயிடலாம்.”

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆதிநாராயணன் தீவனத்தைக் கூட்டிப் பார்த்தான். வைக்கோலை மாற்றினான். கடி நிற்கவில்லை.

உடன் வேலை பார்க்கும் நாகையா சிரித்தான். “மதராசோட நமக்கிருக்கிற எல்லைத் தகராறுக்கே மத்தியஸ்தர் போடுறாங்களாம். நீயும் ஒருத்தரைப் போடேம்பா.”

ஆதிநாராயணன் சிரிக்கவில்லை. அந்தக் கூண்டிலேயே ஒருவன் கொழுகொழுவென்று, ஒரு மயிர்கூடக் கலையாமல் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனையே மத்தியஸ்தராக்கி, தூக்கிப் பக்கத்துக் கூண்டில் விட்டான்.

மறுநாள் பழைய கூண்டு அடங்கிக் கிடந்தது. “பாத்தியா? மத்தியஸ்தர் சொன்ன புத்தி இப்பத்தான் ஏறியிருக்குது.”

“புதுக் கூண்டுல ரத்தமா இருக்குதே?”

“அதுங்க முரட்டுக் கும்பல். அவரு என்ன பண்ணுவாரு பாவம்?”

மத்தியஸ்தர் கூண்டு கூண்டாகப் போய்வந்தார். கடைசியில் காயமில்லாமல் மிஞ்சியது ஒரே கூண்டு. ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள், சண்டையே போட்டதில்லை. ஞாயிறு மாலை அதிலும் அவரை விட்டான்.

“இங்கதான் தகராறே இல்லியே?” என்றான் நாகையா.

“வராம இருக்கணும் இல்ல?”

திங்கள் காலை வேதாச்சலம் குனிந்து பார்த்தார். அந்தக் கூண்டிலும் வால்களெல்லாம் ரத்தம்.

ஆதிநாராயணன் கூண்டுக்குள் கையை விட்டான். மத்தியஸ்தரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். “நான் என்ன சார் பண்றது? எல்லாம் வெறி புடிச்ச ஜென்மங்க. இவரும் அதுங்களோடதான் இருந்தாரு. இவரு மேல ஒரு கீறல் இருக்குதா, நீங்களே பாருங்க.”

வேதாச்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கடிக்கிறவன் மேல எப்படிய்யா கீறல் இருக்கும்?”