ஏசப்பா அரிசி

மூடி இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினாள்.

திறந்துகொண்டது.

பழைய பிஸ்கட் டின். பாதிக்குமேல் அரிசி. ரேஷன் அரிசிதான். ஆனாலும் புடைத்து, கல் பொறுக்கிப் போட்டது. வீட்டுச் சோற்றில் கல் கடிபடலாம், கடவுளுக்குக் கொடுப்பதில் கூடாது என்பது அவள் கட்சி.

ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி இந்த டின்னில் போடுவாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தச் சபையில் எல்லா வீட்டுப் பெண்களும் அப்படித்தான். பிடியரிசி சேர்ந்து மூட்டையாகி, இல்லாத வீடுகளுக்குப் போகும்.

இன்று வீட்டு அரிசிப்பானை காலி.

கொத்தனார் வேலையில் சாரத்திலிருந்து விழுந்த புருஷன் கட்டிலில் கிடக்கிறான், காலில் மாவுக்கட்டு. ரேஷனில் அடுத்த வாரம்தான் போடுவார்களாம். பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லவும் செய்வார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு அரிசிப்பை கொடுக்க வீடு வீடாகப் போன பெண்களில் அவளும் ஒருத்தி. பட்டுச்சேலை, கையில் குடை. ஓடைக்கரையில் தங்கபுஷ்பம் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வாயா வலிக்கிறது என்று இவள் திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தாள்.

இப்போது டின்னுக்குள் கை போக மறுத்தது.

ஆகாயத்துப் பறவைக்கெல்லாம் படியளக்கிறவர் உனக்கு அளக்கமாட்டாரா என்று போதகர் கேட்பார். கேட்பார்தான். அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் அந்தப் படியளக்கிறவருக்கே அளந்து போட்டவள் இவளல்லவா.

"எம்மா, அது ஏசப்பா அரிசில்லா?"

மகள் ஜெபக்கனி. வாசற்படியில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் குடித்த கடுங்காப்பியோடு இருக்கிறாள்.

"அவருக்குப் பசிக்காது. நீ படி."

டின்னை அரிசிப்பானைக்குள் கவிழ்த்தாள். அடியில் ரெண்டு தட்டு தட்டினாள்.

அவ்வளவுதான். கொடுக்கிறவர்கள் வரிசையிலிருந்து இறங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு எப்படிப் போவது? வெட்கமாக இருந்தது. கட்டிலில் கிடப்பவனுக்குத் தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கபுஷ்பத்தின் குனிந்த தலை ஞாபகத்துக்கு வந்தது. நெடுநேரம் அது போகவில்லை.

உலை கொதித்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பானையிலிருந்து அளந்து முறத்தில் போட்டாள். கல் பொறுக்கினாள். ஏற்கெனவே பொறுக்கிய அரிசி. கல் எங்கிருந்து வரும்?

பிறகு கை தன்பாட்டுக்கு முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளியது. பக்கத்தில் திறந்து கிடந்த டின்னில் போட்டது.

வெறும் தகரத்தில் சடசடவென்று சத்தம்.

மகள் நிமிர்ந்தாள்.

"பசிக்காதுன்னியே?"

அவள் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். அடித் தகரத்தை மறைக்கக்கூடக் காணாது. எடுத்து உலையில் போட்டுவிடலாம். மூன்று பேர் சாப்பாட்டில் ஒரு பிடி என்பது சும்மா இல்லை. யாரும் வந்து கேட்கப்போவதும் இல்லை.

உள்ளங்கையில் ஒட்டியிருந்த நாலு அரிசியையும் டின்னுக்குள் தட்டினாள்.

"அவருக்கில்ல. ஓடக்கரையில ஒரு அக்கா இருக்கா."

மூடியை எடுத்தாள். இந்தத் தடவை அழுத்தவில்லை. சும்மா மேலே வைத்தாள்.