படத்தின் கீழே

அந்தப் பிள்ளையின் முகம் பற்றிமாவின் வீட்டு டிவி முழுக்க நிறைந்து நின்றது.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. இடது நெஞ்சில் ஒரு சிவப்புச் சின்னம். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு.

ஸ்ரான்லி வடகொரியாவில் ஐந்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிட்னிக்குத் திரும்பி ஒரு கிழமைதான். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, மகள் டில்ஷாவையும் ஏற்றிக்கொண்டு, டூங்கபியில் இருக்கும், செத்துப்போன தமையன் யோனின் மனைவி பற்றிமாவின் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். போனில் இருந்த படங்களை டிவியில் போட்டுக் காட்டினார். பிளேட்டில் இடியப்பம் காய்ந்தது. கதை காயவில்லை.

போகிற இடமெல்லாம் இரண்டு வழிகாட்டிகள் கூடவே வந்தார்களாம். ஒருவரை ஒருவர் வேவு பார்க்கத்தான் இரண்டு பேராம். காட்டியதைத்தான் பார்க்கலாம். நீட்டிய பக்கம்தான் படம் எடுக்கலாம்.

ஆனால் நாலாம் நாள், ஹோட்டல் லிஃப்டில், வழிகாட்டிகளில் ஒருத்தியான இந்தப் பிள்ளையும் அவரும் மட்டும் அகப்பட்டுக்கொண்டார்களாம். கதவு மூடியதும் அவள் தரையைப் பார்த்தபடி ஒன்று கேட்டாளாம். உங்கள் நாட்டில் பக்கத்து ஊருக்குப் போவதென்றால் யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்?

யாரிடமும் இல்லை என்றாராம் ஸ்ரான்லி. கீழே வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லையாம்.

பற்றிமா டிவியை நிமிர்ந்து பார்த்தாள். பாவம், யாருடைய பிள்ளையோ.

அப்போதுதான் ஸ்ரான்லி மிச்சத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் காலையில், பூசைக்கு முதல், கோயில் கார் பார்க்கில் இருந்தே பேஸ்புக்கில் போட்டாயிற்றாம். முகம், பெயர், ஹோட்டல், அவள் கேட்ட கேள்வி. நானூறு லைக் தாண்டிவிட்டதாம்.

பற்றிமா சொதிக் கரண்டியை மேசையில் வைத்தாள். வைத்தாளா, அடித்தாளா. வெள்ளைத் துணியில் மஞ்சள் ஓடியது.

அதை எடும், இப்பவே எடும் என்றாள்.

ஸ்ரான்லிக்குச் சிரிப்பு வந்தது. சிட்னியில் இருந்து நான் போட்டதை அங்கே யார் பார்க்கப்போகிறார்கள், அந்தச் சனத்துக்கு இன்டர்நெட்டே இல்லை மச்சாள் என்றார்.

சனத்துக்குத்தான் இல்லை என்றாள் பற்றிமா.

சிரிப்பு நின்றது. ஸ்ரான்லி கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். ஹோலில் மாட்டியிருந்த யோனின் படத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

“உங்களை மாதிரிப் பயந்த சனத்தாலைதான் மச்சாள் வெளியிலை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியிறேல்லை. அண்டைக்குச் சண்டை முடிஞ்சு அடைச்சு வைச்ச அந்த முகாமுக்குள்ளை ஒருத்தனாவது வாய் திறந்திருந்தா, அண்ணை இண்டைக்கு இந்த மேசையிலை இருந்து சாப்பிட்டிருப்பார்.”

பயந்த சனம்.

பற்றிமா மேசையை விட்டு எழும்பினாள். பத்து வருஷமாக விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் நெஞ்சுக்கு ஏறி வந்தது. இந்த மனிசனுக்கு எட்டி ஓர் அறை விட்டால் என்ன என்றுகூட வந்தது.

சுவரில் இருப்பதுதான் யோனின் ஒரே படம். முள்ளுக் கம்பிக்குப் பின்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். யாரோ வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரன் நல்ல கமராவால் எடுத்துப் பேப்பரில் போட்டது. பற்றிமா கொண்டுவந்த பேப்பர்த் துண்டை, பரமட்டாவில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது இதே ஸ்ரான்லிதான். படத்தின் கீழ் ஓரம் ஏன் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை.

பற்றிமா தன் கைப்பைக்குள் இருந்த செபப் புத்தகத்தை எடுத்தாள். அதற்குள் இருந்து விரல் அகலத்தில் ஒரு பேப்பர்க் கீலத்தை உருவி, ஸ்ரான்லியின் பிளேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு வரி ஆங்கிலம். யோனின் முழுப் பெயர். வயது நாற்பத்தொன்று. கூடார இலக்கம். பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அவர் கூறினார்.

பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் போட்ட ராணுவக்காரன்தான் பேப்பரையும் கையில் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்தான். யோனை ஏற்றிக்கொண்டு போகும்போது பேப்பரை வாசலில் போட்டுவிட்டுப் போனான். அவனுக்கு இனி அது தேவையில்லை.

ஸ்ரான்லி வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

வெள்ளைக்காரன் நிற்கிறான், தண்ணியைப் பற்றிப் போய்ச் சொல்லுங்கோ என்று யோனின் முதுகில் கை வைத்துத் தள்ளியது யார் என்பது மட்டும் அந்த இரண்டு வரியில் இல்லை. பற்றிமா தன் வலது கையைப் பார்த்தாள்.

ஸ்ரான்லி போனை எடுத்தார். பெருவிரல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் அழித்தார். டிவியில் அந்தப் பிள்ளையின் முகம் போய், கறுப்பாயிற்று.

டில்ஷா தன் போனில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“டாட், ஆரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கினம். போட்ட ஆளின்ரை பேர் கொரியன் எழுத்திலை இருக்கு. அதையும் கனபேர் ஷெயர் பண்ணிட்டினம்.”

நீர் எத்தனை மணிக்குப் போட்டது என்று பற்றிமா கேட்டாள். எட்டரைக்கு என்றார் ஸ்ரான்லி, தரையைப் பார்த்தபடி.

பற்றிமா மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றே கால்.

அன்றைக்கு அந்தப் பேப்பர் கூடார வாசலுக்கு வந்து சேர மூன்று நாள் எடுத்தது.