நாற்பத்தோராம் பக்கம்

“கையேட்டைப் படிச்சீங்களா?” என்று கேட்டார் இன்ஜினியர்.

கேட்கும்போதே பதில் தெரிந்த தோரணை. கண் ஆஸ்பத்திரியின் புதுப் பரிசோதனைக் கருவியில் லென்ஸ் குறுக்காக விரிசல் விட்டிருந்தது. யார் தப்பு என்று பார்த்து எழுதிக் கொடுக்கக் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது.

“படிச்சேன் சார்,” என்றார் டெக்னீஷியன் அம்மா.

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

இருபது வருடம் லென்ஸ் வடிவமைத்துவிட்டு, ஒன்பது வருடத்துக்கு முன் கையேடு எழுதும் பிரிவுக்குத் தள்ளப்பட்டவர் அவர். இந்தக் கருவியின் கையேடும் அவர் எழுதியதுதான். நூற்றிருபது பக்கம். ஒவ்வொரு காற்புள்ளியும் யோசித்து வைத்தது. அட்டையில் கம்பெனி பெயர்தான் இருக்கும், அவர் பெயர் இருக்காது. அவர் எழுதிய எதையும் படித்த ஜீவன் என்று இதுவரை ஒருவரும் அகப்படவில்லை. மனைவிகூட அட்டையோடு நிறுத்திக்கொண்டாள்.

“உங்க தப்புன்னு நான் எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்?”

“வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். மேனேஜர் காலையிலேயே சொல்லிட்டார்.”

அவருக்கு இரக்கம் வரத்தான் செய்தது. ஆனால் படிக்காதவர்கள் மேல் இருந்த கடுப்பு அதைவிட மூத்தது. படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார்.

“கடைசியா ஒண்ணு கேக்கறேன். லென்ஸைக் கழட்டறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?”

“‘பூட்டுத் திருகை வலப்புறமாக, மெதுவாக, தடை நீங்கும்வரை திருப்பவும்.’ நாற்பத்தோராம் பக்கம் சார். கீழேயிருந்து மூணாவது வரி.”

பேனா நின்றது. காற்புள்ளிக்கு மூச்சுக்கூட விட்டுச் சொல்கிறார். ஒன்பது வருடத்தில் முதல் வாசகி. கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுக்கலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

“அப்படியேதான் செஞ்சீங்களா?”

“ஆமா சார். இடப்பக்கம்னு கை சொல்லுச்சு. ஆனா படிச்சவங்க எழுதினதாச்சேன்னு வலப்பக்கமே திருப்பினேன். இறுகிக்கிட்டே போச்சு. இன்னும் தடை நீங்கலையேன்னு இன்னும் திருப்பினேன்.”

அவர் கருவியின் முன் உட்கார்ந்து, திருகை லேசாக வலப்புறம் திருப்பிப் பார்த்தார். இறுகியது.

லென்ஸ்காரர்களுக்கு ஒளி வரும் திசைதான் திசை. எழுதும்போது அவர் மனசுக்குள் விளக்கின் பக்கமாக நின்றிருந்தார். கருவியை இயக்கும் மனுஷி எதிர்ப்பக்கம் உட்காருவாள், அவளுக்கு அது இடப்புறம் என்பது நூற்றிருபது பக்கத்தில் ஒரு பக்கத்திலும் அவருக்கு நினைவு வரவில்லை.

“கையேட்டுலதான்மா தப்பு,” என்றார், தன் காதுக்கே எட்டாத குரலில்.

“தெரியும் சார். உடைஞ்சப்பவே புரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் மேனேஜர்கிட்ட சொல்லலை?”

“எழுதினவர் வேலை போயிடுமே சார். எனக்கு இன்னொரு ஆஸ்பத்திரி கிடைக்கும். இப்படி எழுதறவருக்கு இன்னொரு புத்தகம் யார் கொடுப்பாங்க? என் தப்புன்னே போட்டுடுங்க.”

அவர் ‘காரணம்’ கட்டத்தில் நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

எட்டிப் பார்த்த அம்மா, அவர் மனம் நோகாதபடி மெல்லச் சொன்னார்: “சார், உங்க பேர் எழுதற இடம் கீழே இருக்கு.”

“இல்லம்மா, இதான் இடம்.”