எட்டடி அமெரிக்கா

அமெரிக்கா இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே பரந்து கிடப்பதாகப் படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வருத்தத்துக்குரிய பிழை. அதன் நீளம் எட்டு அடி, அகலம் இரண்டரை அடி. தெற்கு டெக்சஸில், பலோமா கவுண்டி என்னும் மாவட்டத்தின் வருடாந்தரக் கண்காட்சியில், சமையல் போட்டிக் கொட்டகையில், நுழைந்தவுடன் இடது கைப்பக்கம் இருக்கிறது. மேலே வெள்ளை விரிப்பு. முன்னால் ஓர் அட்டை: ‘அமெரிக்க உணவு.’

எதிரே, வலது பக்க மேஜையில் உள்ள அட்டை ‘வெளிநாட்டு உணவு.’

எர்லிந்தா கன்ட்டு ஒன்பது வருடமாக இடது மேஜையில் வைத்த தட்டு, ஒன்பது வருடமும் வலது மேஜைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தட்டில் இருப்பது தமாலே, மெக்சிகோ வழிக் குடும்பங்களின் பலகாரம். மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, கதிரின் மடலிலேயே சுற்றி அவித்தது. அதை இடம் மாற்றுகிறவர் கொட்டகைப் பொறுப்பாளர் லோர்னா புரூயிட். சண்டைக்காரர் அல்ல. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அத்தனை மெதுவாகத்தான் மாற்றுவார்.

“தப்பா எடுத்துக்காதே கண்ணு. அங்கே போனா முதல் பரிசு உனக்குத்தான்.”

முதல் பரிசும் தவறாமல் வந்தது. எர்லிந்தா ஒரு தடவைகூடப் போய் வாங்கவில்லை.

அவளுடைய வாதம் எளிமையானது. அவள் குடும்பத்துப் பண்ணை ஆற்றங்கரையில் இருநூற்றைம்பது வருடமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாட்டின் பெயரும் கொடியும்தான் அதன் தலைக்குமேல் ஐந்தாறு முறை மாறின. ஆனால் இடது மேஜையில் சட்டமாக உட்கார்ந்திருக்கும் மாரெக் வீட்டுப் பழ பன், செக் நாட்டிலிருந்து வந்தது. பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரூடல் என்ற ஆப்பிள் சுருள் ஜெர்மனிக்காரன். அமெரிக்கர்களின் செல்லப் பலகாரமான ஆப்பிள் பையில் உள்ள கோதுமையும் ஆப்பிளும்கூடக் கப்பலேறி வந்தவைதான்.

“என் சோளம் எங்கேருந்தும் வரல, லோர்னா. அது பாட்டுக்கு இங்கேயே இருந்துச்சு. பார்க்கப் போனா உங்க ஆப்பிள் பைதான் வெளிநாடு.”

லோர்னா நூலகத்தில் வேலை பார்த்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பன்னி?” என்று கேட்டார்.

தமாலேயின் உள்ளே இருந்தது பன்றி இறைச்சி. பன்றி ஸ்பானியர்களின் கப்பலில் வந்த விருந்தாளி. எர்லிந்தா வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். உண்மைதான்.

அடுத்த வருடம் மான் இறைச்சி வைத்தாள். சொந்தப் பண்ணையில் மேய்ந்த மான். லோர்னா, மாவில் சேர்த்த பன்றிக் கொழுப்பைப் பற்றி விசாரித்தார்.

அதற்கடுத்த வருடம் கொழுப்பும் போயிற்று. ஆற்றங்கரை மரத்துப் பெக்கான் கொட்டையை அரைத்துச் சேர்த்தாள். கணவர் ருபேன் ஒரு வாய் தின்று, தேசபக்தி கொஞ்சம் தொண்டையை அடைக்கிறது என்றார். லோர்னாவோ, இந்தத் தடவை சொல்ல ஒரு குறையும் இல்லை என்று மனதார ஒப்புக்கொண்டு, தட்டை வலது மேஜைக்கு எடுத்துப் போனார்.

பத்தாம் வருடம், முழங்கால் வலி தாங்காமல் லோர்னா பொறுப்பை விட்டார். ஆகஸ்ட் வெயிலில் அந்தத் தகரக் கொட்டகையைக் கட்டி மேய்க்க வேறு ஆள் சிக்காததால், கமிட்டி எர்லிந்தாவைக் கேட்டது. விதியை மாற்றினால் வருகிறேன் என்றாள். மேஜைமேல் ஒரு சோளக்கதிரை வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினாள். பசி எடுக்கவே கமிட்டி சம்மதித்தது. புது விதியை அவளே எழுதி, கொட்டகை வாசலில் ஒட்டினாள்:

‘இந்தக் கவுண்டியின் மண்ணிலும் நீரிலும் கிடைப்பதைக் கொண்டு, இந்தக் கவுண்டியில் வாழ்கிறவர் சமைப்பது எதுவோ, அது அமெரிக்க உணவு.’

பொறுப்பாளர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. அதனால் கண்காட்சி நாளன்று நாத்தனார் டெல்ஃபினாவின் தமாலே இடது மேஜையின் நட்டநடுவில் உட்கார்ந்தது. பன்றிக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. எர்லிந்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் லேசாகக் கலங்கியது.

அப்போது ஒரு பெண், துணியில் சுற்றிய மண்சட்டியோடு வந்தாள். பெயர் துயெட். வியட்நாமிலிருந்து சின்னப் பெண்ணாக வந்தவள். கணவருக்குக் கவுண்டியின் கரையை ஒட்டிய விரிகுடாவில் இறால் படகு.

“வாசல்ல நீங்க எழுதினதைப் படிச்சேங்க. இத்தனை வருஷத்துல இந்தக் கொட்டகைக்குள்ள வரணும்னு தோணினதே இல்ல. இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு.”

“வராம இருப்பாங்களா? அதுக்குத்தானே அவ்வளவு சண்டை போட்டேன்.” எர்லிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துயெட் மூடியைத் திறந்தாள். சர்க்கரைப் பாகில் சுண்டிய இறால். வாசனை கொட்டகையைத் தூக்கியது. இறால் இந்த விரிகுடாவில் கணவர் பிடித்தது என்றாள். சேர்த்திருக்கும் மீன் சாறுகூட, இங்கே பிடித்த மீனை உப்பிட்டு ஒரு வருடம் ஊறவைத்துத் தானே இறக்கியது. இந்த ஊருக்கு வந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

எர்லிந்தா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

“இப்படி ஒரு இறாலை நான் ஜென்மத்துல தின்னதில்லம்மா.”

மனதிலிருந்து வந்த வார்த்தை. பிறகு சட்டியின் அடியில் துணியைக் கொடுத்து, சூடு படாமல், ஒரு சொட்டு சிந்தாமல், இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய் வலது மேஜையில் வைத்தாள். நன்றாகத் தெரியட்டும் என்று முன்வரிசையில் இடமும் ஒதுக்கினாள்.

துயெட் சட்டியைப் பார்த்தாள். வாசலில் இருந்த தாளைப் பார்த்தாள்.

“கமிட்டி அடுத்து எப்போ கூடும்?” என்று கேட்டாள்.

எர்லிந்தா சொன்ன தேதியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.