திரும்பவும் நிக்குது

“தம்பி, பழசு தன்ரபாட்டில ஓடிக்கொண்டிருந்தது. புதுசு போடுவம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப பாருங்கோ, திரும்பவும் நிக்குது.”

நாகேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. கொம்பியூட்டர் திருத்த வந்திருந்த றொமேஸ் பையைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்தான். வவுனியாவில் அவர் நடத்தும் அச்சகத்தில் இருப்பது ஒரேயொரு கொம்பியூட்டர். கலியாணக் கார்ட் வரைகிற புரோகிராமின் புதுப் பதிப்பைப் போன கிழமை அதில் போட்டுக்கொடுத்தவன் இவன். அடுத்த நாளே அது மக்கர் பண்ணத் தொடங்கியது. இடையில் ஒருமுறை வந்து தேவையில்லாத எழுத்துருக்களை அழித்துப் பார்த்தான். ஒரு பலனும் இல்லை.

“இண்டைக்கும் சரிவராட்டி வேற ஆளைப் பாக்கிறன். குறை நினைக்காதேங்கோ. தை மாசத்துக் கலியாணக் கார்ட்டுகள் குவிஞ்சு கிடக்குது.”

வேறு ஆள் வந்துவிட்டால் இந்தப் படியேற இவனுக்கு என்ன சாட்டு இருக்கிறது? அந்தக் கொம்பியூட்டரில் வேலை செய்பவள் நாகேஸ்வரியின் மகள் நிறஞ்சனா. அவளை அவனுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. நாயாற்றுக் கடற்கரையில் பிறந்த, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெடியன், சைவ வீட்டில் எந்த முகத்தோடு பெண் கேட்பான்?

“எந்த இடத்தில நிக்குது?” என்று அவளிடம் கேட்டான்.

“புதுப் புரோகிராம் சீடியில இருந்து கார்ட்டுக்குப் படம் எடுக்கேக்கை. பிள்ளையார் வரமாட்டன் எண்டு நிக்கிறார்.”

பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தான். கொம்பியூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டான். திரையில் மணற்கடிகாரம் மட்டும் சளைக்காமல் வேலை செய்தது. சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவோம் என்று சீடியை வெளியே எடுத்தான்.

மேலே, பெயர் எழுதிய பக்கத்தில், காய்ந்த சந்தனப் பொட்டு. திருப்பினான். கீழே, மினுங்குகிற பக்கத்திலும் ஒரு பொட்டு!

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. புதுச் சாமான் வந்தால் சந்தனம் வைக்காமல் நாகேஸ்வரி தொடமாட்டார். பிரிண்டருக்கும் வைத்திருந்தார், மவுசுக்கும் வைத்திருந்தார். ஆனால் உங்கள் பொட்டால்தான் மெசின் நின்றது என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அதிலும் ஒரு வேதக்காரன் பொட்டை அழிப்பதைக் கண்டால் என்ன நினைப்பார்?

அந்தோனியாரை நினைத்துக்கொண்டு, மொனிற்றருக்குப் பின்னால் மறைத்து வைத்து, கைலேஞ்சியால் கீழ்ப்பொட்டை மட்டும் துடைத்தான். சீடியைத் தள்ளினான். பிள்ளையார் தும்பிக்கையோடு திரை நிறைய வந்து இருந்தார்.

“வந்திட்டார்!” என்றாள் நிறஞ்சனா. அவள் குரலில் அவ்வளவாகச் சந்தோசம் இல்லை.

“என்ன பிழையாம் தம்பி?”

“ஒண்டுமில்லை அன்ரி. கொஞ்சம் தூசி.”

நாகேஸ்வரி தேத்தண்ணி கொடுத்தார். அவன் குடித்து முடித்து வெளிக்கிட்டபோது வாசல்வரை கூடவே வந்தார்.

“தூசியில்லைத் தம்பி, சந்தனம். நீங்கள் துடைச்சதைக் கண்டனான்.”

றொமேஸ் கைலேஞ்சியைப் பொக்கற்றுக்குள் தள்ளினான். “அன்ரி, நான் பொட்டை அழிக்கவேணும் எண்டு…”

“பொறுங்கோ. நான் வைச்சது மேல்பக்கத்தில மட்டும்தான். ‘மினுங்கிற பக்கத்தில ஏதும் பட்டால் நிண்டுபோகும், பிறகு நான்தான் வந்து திருத்தவேணும்’ எண்டு நீங்கள் சொல்லிக்குடுத்தது எனக்கில்லை, என்ர மகளுக்கு. இண்டைக்குத் துடைச்சிட்டியள், நாளைக்கும் வைப்பாள், நிக்கும். அதால வாற ஞாயிறு பூசை முடிய உங்கட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கதைப்பம்.”